ஹார்வுட் பில்டிங்கின் சுவர்

12.2.96, திங்கள்

இன்று கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஹார்வுட் பில்டிங்கைப் பரிசோதித்தேன். உரிமையாளர் இடிக்க வேண்டும் என்கிறார், வாடகைக்காரர்கள் நகர மாட்டோம் என்கிறார்கள். அதனால்தான் அவர் எங்கள் கம்பெனியிடம் ரிப்போர்ட் கேட்டிருக்கிறார். வாசல் வளைவுக்கு மேல் 1889 என்று செதுக்கியிருக்கிறது. கன்டோன்மென்ட் துரைமார்களுக்குக் குதிரைச் சேணம் தைத்துக் கொடுத்த கடை. குதிரை கட்டிய இரும்பு வளையங்கள் தூணில் இன்னும் இருக்கின்றன. இப்போது அதில் யாரோ ஸ்கூட்டருக்குச் சங்கிலி போட்டிருக்கிறார்கள். இரண்டடி கனத்துச் சுவர், செங்கல்லும் சுண்ணாம்பும். ஆணி அடித்தேன், ஆணிதான் வளைந்தது. பின்பக்கம் ஒரே ஒரு தேக்கு உத்தரத்தின் முனை செல்லரித்திருக்கிறது. அதை மாற்றினால் போதும்.

கீழே தோல்பை கடை வைத்திருக்கும் ஓஸ்வால்ட் அண்ணன் எங்கள் லிங்கராஜபுரம் சபைக்காரர். அங்கே சேணம் தைத்தவர் அவருடைய தாத்தா. "யூனிஸ், நீ வந்துட்ட இல்ல, இனி எனக்குக் கவலையே இல்லம்மா" என்று டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

15.2.96

"ஒரு உத்தரம் போச்சுன்னா மொத்தமும் போச்சுன்னுதான் அர்த்தம்" என்றார் மேனேஜர் சிவசங்கரன். "அடுத்த மழைக்குத் தாங்காதுன்னு எழுதும்மா. உன் வேலைய நிரந்தரமாக்குற கன்ஃபர்மேஷன் லெட்டர் என் டேபிள்லதான் இருக்கு."

என் வீட்டுக்காரர் தியோடருக்கு மில் மூடி எட்டு மாதம். வீட்டில் என் சம்பளம் மட்டும்தான். அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

16.2.96

அடுத்த மழைக்குத் தாங்காது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. மத்தியானம் புளிசாதம் சாப்பிட்டேன்.

31.3.96, குருத்தோலை ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஓஸ்வால்ட் அண்ணன். கடையைக் காலி செய்துவிட்டாராம். மற்றவர்கள் கோர்ட்டுக்குப் போகலாம் என்றபோது இவர்தான் தடுத்தாராம்.

"எங்க யூனிஸே எழுதியிருக்கான்னா சும்மாவா? நீ சொல்லலன்னா அந்தக் கூரை எங்க தலையில விழுந்திருக்கும். கர்த்தர் உன்ன ஆசீர்வதிப்பாரு."

என் தலையில் கை வைத்தார். அட கடவுளே, இந்த மனுஷன் என்னைத் திட்டியிருக்கக் கூடாதா! குருத்தோலையை மடிச்சுக்கிட்டே நின்னேன்.

8.4.96

கன்ஃபர்மேஷன் வந்தது. தியோடர் கேசரி கிண்டினார்.

6.5.96

இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

14.5.96

சைட்டுக்கு அனுப்பினார்கள். மேஸ்திரி அய்யாவு கடப்பாரையைக் காட்டினார், நுனி மழுங்கிப் போயிருந்தது.

"எந்தப் புண்ணியவான் மேடம் இது விழுந்துடும்னு எழுதுனது? ஒம்போது நாளா அடிக்கிறோம், மாடிச் சுவரே இன்னும் எறங்கல."

யாரோ எழுதியிருப்பாங்க என்றேன். எதிர்ப்பக்கம் ஓஸ்வால்ட் அண்ணன் நின்றிருந்தார். தினமும் காலையில் வந்து நின்று பார்க்கிறாராம்.

24.5.96

கடைசிச் சுவர் இன்று விழுந்தது.

26.5.96, பெந்தெகொஸ்தே ஞாயிறு

ஒருவருக்கொருவர் கை கொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம். ஓஸ்வால்ட் அண்ணன் ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்தார். சமாதானம் என்று சொல்லவில்லை.

"இடிக்கப் பத்தொம்போது நாள் ஆச்சும்மா" என்றார்.

போய்விட்டார். என் பக்கத்தில் அன்னம்மாள் அக்கா கையை நீட்டிக் காத்துக்கொண்டிருந்தார். என் கையைக் கொடுத்தேன். சமாதானம் என்று சொன்னேன்.