நடுவில் ஆள் இல்லாமல்

கடலூர் பஸ்ஸுக்கு நேரமாகியும் சந்திரலேகா பேனாவைக் கீழே வைக்கவில்லை. கல்யாணமான புதிதில், கணவர் செல்வனுக்குக் கண் தெரியாது என்பதையே ஆசையில் மறந்து, சாப்பாட்டுப் பையில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டாள். ஆபீஸில் யாரோ அதை உரக்கப் படிக்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதோடு அவருக்கு எழுதுவதையே விட்டாள்.

நேற்று அவர், எழுத்தை உரக்கப் படித்துச் சொல்லும் கம்ப்யூட்டரின் ஸ்கிரீன் ரீடரைப் புதுப்பித்துவிட்டு, அவளுடைய மளிகைச் சீட்டைக் கேமரா முன் நீட்டினார். கோழி கிளறியது போன்ற அவள் கையெழுத்தை அது பிசகாமல் படித்தது. அந்தத் தைரியத்தில்தான் இன்று இந்தச் சீட்டை எழுதினாள்:

"மாமா, மீன் கொழம்பு அடுப்பு மேல இருக்கு, சுட வச்சிக்குங்க. நாளைக்கு கேஸ்காரர் வருவாரு. நேத்து நீங்க கம்ப்யூட்டர விட்டு எழுந்திரிக்கலன்னு, பொண்டாட்டி பேச்சு கசக்குது, பொட்டி பேச்சு இனிக்குதான்னு கத்திட்டேன். ஆனா அது 'புளி கால் கிலோ'ன்னு படிச்சப்ப சமையக்கட்டுல வாயப் பொளந்துகிட்டு நின்னேன். ஒங்ககிட்ட காட்டிக்கல. கெட்டிக்கார பொட்டிதான் மாமா!"

ஆபீஸிலிருந்து வந்ததும் அவர் கை முதலில் தேடும் கீபோர்டு மேல் சீட்டை வைத்தாள். செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்.

"இதுக்கப்புறம் வர்றத ஹெட்போன மாட்டிக்கிட்டு கேளுங்க. அன்னிக்கு ஆபீஸே கேட்டு சிரிச்சதுதான், இன்னிக்கு ஒங்களுக்கு மட்டும்: ஒங்கள பாக்காம எனக்கு இருப்புக் கொள்ளல மாமா."