விறைத்த கால்களில் நின்ற அக்காவுக்கு

என் எஸ்தர் அக்கா,

உன் மாத்திரை நரம்புக்குள் எங்கே போய் ஒட்டியது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். கல்லூரிக்கு வந்த ஆராய்ச்சி இதழில் படித்தேன். உன்னிடம் ஓடிவந்து சொல்லத்தான் தோன்றியது. நீ போய் இரண்டு வருஷமாகிறது.

பள்ளிகொண்டா அருகே பஸ் கவிழ்ந்து முதுகெலும்பு நொறுங்கியபோது நீ ஆம்பூரில் கணக்கு டீச்சர். அதற்குப் பிறகு கால்கள் உன் பேச்சைக் கேட்கவில்லை. வலி மட்டும் மிச்சமிருந்தது. தோல் பதனிடும் டேனரியில் சங்கு ஊதினால் போதும், போர்வை உரசினால் போதும், இரண்டு கால்களும் வெட்டி இழுத்துக் கட்டையாகிவிடும். "உள்ள வச்சு பூட்டின மாதிரி இருக்குடி" என்பாய்.

வேலூர் மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நான் செய்யும் வேலையை உனக்குச் சொல்வேன். தவளையின் தண்டுவடத்தில் அமினோ அமிலக் கரைசலைச் சொட்டவிட்டால், கருவித் தாளில் துடிக்கிற கோடு அடங்கிவிடும். கிளைசின், காபா என்று பெயர். நரம்பு செல்லில் அவற்றுக்கென்றே ஏற்பிகள் உண்டு. அங்கே போய் உட்கார்ந்ததும் செல் அமைதியாகும்.

"அப்ப அந்தக் காபாவையே எனக்குக் குடுக்கறதுதானே?"

"வாயால சாப்ட்டா தண்டுவடத்துக்குள்ள போகாதுக்கா. அதுகூட ஒரு கார்பன் வளையத்த ஒட்டி மருந்து செஞ்சிருக்காங்க. அது போகும்."

உனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். கால்கள் இளகின. நீ அசந்து தூங்கியதைப் பார்த்து அம்மா அழுதாள்.

ஆனால் அந்த விறைப்பை ஊன்றித்தான், ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து, வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கணக்குப் போடுவாய். மருந்துக்குப் பிறகு எழுந்ததும் துணிபோல மடங்கி விழுந்தாய்.

"வலி போச்சு, காலும் போச்சு. எந்தப் பக்கம் திரும்பினாலும் செவுராத்தான் இருக்கு."

பிறகு டாக்டரிடம் நீயே கேட்டாய். "நிக்கற அளவுக்கு விறைப்ப வைங்க. வலிய நான் பாத்துக்கறேன்." அவர் மெல்ல மெல்ல மருந்தைக் குறைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாய்.

"என்னால நீயும் இந்தக் கட்டிலோட மாட்டிக்கிட்ட" என்று ஒருமுறை சொன்னாய். நான் அதை மறுக்காமல் மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். கடைசியில் சிறுநீரகத் தொற்றால் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது.

காபாவுக்கு இன்னொரு வகை ஏற்பியும் இருக்கிறதாம் அக்கா. உன் மாத்திரை அதில்தான் உட்காருகிறதாம். வலிக்கிற இழுப்பை அடக்கி, நிற்கிற விறைப்பை விட்டுவைக்கும் மருந்து எப்போதாவது வருமா? அதைப் பற்றி இதழில் ஒன்றுமில்லை.

போன வாரம் டாக்டரைப் பார்க்க வார்டுக்குப் போனேன். டேனரி மாடியிலிருந்து விழுந்த ஒருவருக்கு அதே மாத்திரை எழுதிக்கொண்டிருந்தார். "அண்ணா, இந்த விறைப்ப வச்சு எதனா செய்றீங்களா?" என்று அந்த நோயாளியிடம் கேட்டேன்.

அவர் மனைவிதான் பதில் சொன்னாள். "அத ஊனித்தாம்மா கட்டில்லேர்ந்து எறங்கறாரு. இதுவரைக்கும் யாரும் கேக்கலியே."

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு, அளவைக் கம்மியாக எழுதினார்.

இனி அந்த மாத்திரை யாருக்கு எழுதப்பட்டாலும் முதலில் இதைக் கேட்க வைப்பேன். டாக்டர் சலித்துக்கொண்டாலும் விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னோடு மாட்டிக்கொண்ட, இன்னும் வெளியே வரத் தெரியாத,
உன் தங்கச்சி ரூபி