கவுனுக்காகக் கழற்றியது

மார்ச் 3
மறுபடியும் அந்த பெல்ட். பெல்ட் என்பது பேருக்குத்தான். அக்குளிலிருந்து இடுப்புவரை பிளாஸ்டிக் கூடு. எங்கள் ஊர் வில்யாரிக்கா வெயிலில் உள்ளே வெந்துபோகிறேன். வகுப்பில் டெர்லிஸ் என் முதுகைத் தட்டி, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்றான். எல்லாம் சிரித்தன. சனியன்கள்.

மார்ச் 9
டாக்டர் ஒல்மெதோ எக்ஸ்ரேயைக் காட்டினார். முதுகெலும்பின் வளைவு இருபத்தேழு டிகிரி. வளர்ச்சி முடியும்போது இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் ஒரு எலும்புப் பட்டை உருவாகி ஒட்டிக்கொள்ளுமாம். அதுவரை முதுகு வளரும், வளைவும் கூடலாம், பெல்ட்டைக் கழற்றக் கூடாதாம். "உயரம் நின்ன மாதிரி தெரியும். நம்பிடாதீங்க," என்றார். அம்மா நன்றாகத் தலையாட்டினாள்.

ஏப்ரல் 20
எனக்குப் பதினைந்து! பதினைந்தானால் பெண் பெரியவளாகிவிட்டாள் என்று எங்கள் ஊரில் எடுக்கும் விழாவுக்கான கவுன் பெல்ட்டின் மேல் ஏறவே இல்லை. "கழட்டு. பதினஞ்சாச்சு, முழுப் பொம்பளை. இனி எங்க வளரப் போற?" என்றாள் அம்மா. மிர்த்தா சித்தியும், "எனக்கெல்லாம் பதினாலுலயே நின்னுடுச்சு," என்றாள். அப்பாவோடு வால்ட்ஸ் நடனம் ஆடினேன். பெல்ட் அலமாரி மேலே போய்விட்டது. இனி வேண்டாமாம்.

செப்டம்பர் 14
புது எக்ஸ்ரேயில் வளைவு முப்பத்தாறு. முப்பத்தாறு! பட்டை பாதிகூட வரவில்லையாம். இன்னும் ஏறினால் முதுகைக் கிழித்துக் கம்பி வைக்க வேண்டியிருக்குமாம். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கத்தினேன் — "கேக் வெட்டினா எலும்பு வளர்றத நிறுத்திடுமா? டாக்டர் சொன்னப்ப காதுல என்ன வச்சிருந்த?"

குளிர்ந்த தெரெரே பானக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "கவுன்ல அழகா இருக்கணும்னு பாத்தேன்டி," என்றாள். கவுன்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செப்டம்பர் 15
அம்மாவோடு பேசவில்லை. பேசவும் மாட்டேன்.

அக்டோபர் 2
புது பெல்ட். பழையது சேரவில்லை, அந்த அளவு கோணிப்போயிருக்கிறேன். கம்பி வைத்தால் குனியக்கூட முடியாதா? யாரைக் கேட்பது?

மார்ச் 11
முப்பத்தைந்து. ஏறவில்லை! பட்டை முழுதாக ஒட்ட இன்னும் ஒரு வருஷமாவது ஆகுமாம்.

மாலையில் மிர்த்தா சித்தி சூடான சிப்பா ரொட்டியோடு வந்தாள். "இவ்ளோ பெரிய பொண்ணுக்கு இன்னுமா இந்தக் கூடு? என் பொண்ணு கல்யாணத்துக்காவது கழட்டேன்டி."

நான் திரும்புவதற்குள் அம்மா பாய்ந்தாள். "வயசுக்கு வந்தது இவதான். இவ முதுகு இன்னும் வரல. வாய மூடிக்கிட்டு சிப்பாவத் தின்னு!"

சித்தி போன பிறகு அம்மா பெல்ட்டின் வாரை இறுக்கினாள். "வலிக்குதா?"

"இன்னும் கொஞ்சம் இழும்மா," என்றேன்.

செப்டம்பருக்குப் பிறகு நான் அவளை அம்மா என்று கூப்பிட்டது இன்றுதான்.