பதிவேட்டில் இருந்த அத்தை

மார்ச் 3, செவ்வாய்

வீட்டுக்காரர் வந்துபோனார். மகனுக்குக் கல்யாணமாம், வீடு வேண்டுமாம். இரண்டு மாதம் கெடு. எனக்கு நாற்பத்தேழு வயது, இது பன்னிரண்டாவது வாடகை வீடு. அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார்: "நம்ம வீடு இருந்திருந்தா இந்தப் பேச்செல்லாம் கேக்கணுமா?"

நம்ம வீடு, நம்ம வீடு! ஆற்று வெள்ளத்துக்குப் பயந்து தாத்தா குடும்பத்தோடு அங்கிருந்து கிளம்பியபோது அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. பிறகு யாரும் எட்டிப் பார்த்ததில்லை. ஊர்ப் பெயரே மாறிவிட்டது. வீடு யார் கையில்? இருக்கிறதா, ஆற்றோடு போய்விட்டதா? இத்தனை வருடம் நான் ஏன் கேட்கவில்லை?

மார்ச் 5

அரைநாள் லீவு போட்டு நிலப் பதிவு அலுவலகம் போனேன். ஆவண அறையில் இருப்பவர் ஒவ்வொரு பதிவேட்டையும் திறக்கும்போது ஒருமுறை தும்முகிறார். தும்மல் அண்ணன் என்று மனதுக்குள் பெயர் வைத்துவிட்டேன்.

"சர்வே நம்பர் இருக்காம்மா?"

"இல்ல. கிணறு இருந்துச்சாம். பின்னாடி ரெண்டு மரம்."

"மரத்துக்கெல்லாம் நாங்க நம்பர் போடறதில்லையே."

தம்பி போனில் சொன்னான்: "அக்கா, உனக்கு வேற வேலையே இல்லையா?" இருக்கிறது. அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை.

மார்ச் 9

நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில், ஒருவருக்குச் செய்யும் பல் செட்டின் மெழுகு அச்சில் இடது கடைவாய்ப் பல்லை வலப்பக்கம் பதித்துவிட்டேன். இருபது வருடத்தில் முதல்முறை. டாக்டர் பார்த்துவிட்டு, "இதை மாட்டினா அவர் காதாலதான் மெல்லணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அலுவலகத்து வரைபடத்தின் ஆற்று வளைவும் கட்டம் கட்டமாக நிலமும்தான் கண்ணில் ஓடின.

மார்ச் 12

கிடைத்துவிட்டது.

தும்மல் அண்ணன் பழைய வரைபடத்தில் ஆற்றங்கரையோடு விரலை ஓட்டி ஒரு கட்டத்தில் நிறுத்தினார். எண் 214. தாத்தா பெயர்! அதற்குப் பிந்தைய பதிவேட்டில் தாத்தா பெயரை அடித்துவிட்டு இரண்டு பெயர்கள். முதலில் அப்பா. கீழே – அத்தை.

எந்த அத்தை? அப்பாவுக்கு ஒரே ஒரு அக்கா. வெள்ளத்துக்கு முன்பே காய்ச்சலில் செத்துப்போனவள்.

பதிவேட்டை ஒவ்வொரு முறை புதுப்பித்தபோதும் ஓரத்தில் ஒரே குறிப்பு: "தம்பி உயிரோடிருக்கிறார். அவர் பெயரை நீக்க எனக்குச் சம்மதமில்லை." கீழே அத்தையின் கையெழுத்து. போகப் போக நடுங்குகிறது. கடைசியில் கைநாட்டு. தேதி, போன நவம்பர்.

"இந்தம்மாவா? நேர்ல வந்தாங்க. தம்பி பேர்ல யாராவது கை வெச்சிருக்கீங்களான்னு என்னை ஒரு பிடி பிடிச்சாங்க" என்றார் தும்மல் அண்ணன்.

பஸ்ஸில் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மார்ச் 13

அப்பாவிடம் கேட்க இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் மூடிக்கொண்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

கேட்டுவிட்டேன். பதிவேட்டு நகலை மடியில் வைத்ததும் அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். படிக்க வேண்டாம் என்றுதான்.

"அக்கா தச்சன் ஒருத்தனைக் கட்டிக்கிட்டு அடுத்த தெருவுல இருந்தா. தாத்தாவுக்குக் கோபம். ஆனா தண்ணி ஏறும்போது கோபமாவது ஒண்ணாவது. போய் அக்காவைக் கூட்டிட்டு வாடான்னு என்னை அனுப்பினாரு. தெருமுனை வரைக்கும் போனேன். அங்க ஒரு நாய் நின்னு குரைச்சுது. பயந்து திரும்பிட்டேன். வரமாட்டேங்கறான்னு சொல்லிட்டேன்."

"நீங்க கேக்கவே இல்லையா?"

"இல்ல. அப்ப எனக்கு ஒரே புள்ளதான்னாரு தாத்தா. அப்புறம் எப்படிம்மா மாத்திச் சொல்றது? உங்ககிட்டல்லாம் அக்கா செத்துட்டான்னு சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க."

ஒரு நாய். ஒரு நாய்க்காக அறுபத்தொன்பது வருஷமா! கத்தலாம் போல இருந்தது. எண்பத்தொரு வயது மனிதரிடம் என்னத்தைக் கத்துவது? வீடு தேடித்தானே கிளம்பினேன்? எனக்கு எதுக்கு இதெல்லாம்?

மார்ச் 16

தம்பி, "கிழவர் நிம்மதியைக் கெடுக்காதே" என்கிறான். எந்த நிம்மதி? காலையிலிருந்து அதே சட்டையை மூன்றாவது தடவை இஸ்திரி போடுகிறார்.

மார்ச் 22, ஞாயிறு

இதை 214-இன் உள்ளறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா சொன்ன நாலு அறை இல்லை, இரண்டுதான். வெள்ளம் வடிந்ததும் தச்சரும் அத்தையும் இதைச் செப்பனிட்டுக் குடிவந்தார்களாம். தச்சர் போய்ப் பதினோரு வருடம். பிள்ளைகள் இல்லை.

வாசலில் அத்தை நின்றார். அப்பாவின் அதே தாடை. பஸ்ஸில் மூன்று மணி நேரமாக அப்பா முணுமுணுத்துக்கொண்டே வந்த வார்த்தைகளில் பாதிதான் வெளியே வந்தன. "அக்கா, அன்னிக்கு நான் உன்னைக் கூப்பிட..."

"தெரியும். தெருமுனையில நீ நின்னதை ஜன்னல்ல பாத்தேன். நீ மறுபடி வருவேன்னு கதவைத் தாழ் போடாம வெச்சிருந்தேன்."

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் படிக்குக் கீழேயே நின்றார்.

"என்ன மரம் மாதிரி நிக்கற? காலெல்லாம் புழுதி. கழுவிட்டு உள்ள வா."

அப்பா குழாயடிக்குப் போனார். கழுவிய காலையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூட நான்தான் போகவேண்டியிருந்தது.