பெரியவனுக்கும் ஒரு சட்டை

டிசம்பர் 9
ஊரார் தலையில் கை வைத்துப் பிழைப்பவன் நான். வீட்டில் என் தலையில் கை வைக்காத ஆளில்லை. புது வருஷத்துக்குத் துணி எடுக்கவேண்டுமாம். சண்டைக் காலத்தில் சலூனுக்கு எவன் வருகிறான்? இருக்கிற இளவட்டத்துக்கெல்லாம் பட்டாளமே இலவசமாக மொட்டை அடித்துவிடுகிறது. இதைச் சொன்னதும் சின்னவள் சிரித்தாள். அவள் அம்மா சிரிக்கவில்லை. போர்முனைக்குப் போன பெரியவனிடமிருந்து ஒரு மாதமாகப் பேச்சுமூச்சு இல்லை.

டிசம்பர் 14
துணிக்கடையில் மூன்றே நிறம்: காக்கி, வெளுத்த காக்கி, அழுக்குக் காக்கி. "பெரியவனுக்கும் ஒரு சட்டை" என்றாள் மனைவி. என்னைத் திருப்பி நிறுத்தி முதுகில் வைத்து அளவு பார்த்தாள்.
"ஒரு சுத்து பெருசா எடுங்க. உடம்பு போட்டிருப்பான்."
கடைக்காரர் மகனும் அவனோடுதான் இருக்கிறான். "அண்ணே, ஏதாச்சும் சேதி உண்டா?" என்று அவர் என்னைக் கேட்டார். அதையே கேட்கத்தான் நானும் வாயைத் திறந்திருந்தேன்.

டிசம்பர் 15
சேதி இல்லை.

டிசம்பர் 21
கடைக்காரர் மகன் வந்துவிட்டான். ஒரு கால் இல்லை. இவள் உடனே ஓடப் பார்த்தாள். "இன்னைக்கு அவங்க அழட்டும்டி, நாளைக்குப் போலாம்" என்றேன், பெரிய ஞானி மாதிரி. பயம்.

டிசம்பர் 22
கடைக்காரர் சலூனுக்கே வந்தார். "முகமெல்லாம் தாடி, யாரையும் கிட்ட விடமாட்டேங்கறான். நீங்க வாங்கண்ணே."
போனேன். சின்ன வயதில் நாற்காலியில் பலகை போட்டு உட்காரவைத்து நான் முடி வெட்டிய பிள்ளை. நுரை போட்டேன். கண்ணை மூடிக்கொண்டான். ஒரு கன்னம் முடித்து முகத்தைத் திருப்பினால், மறு கன்னத்து நுரையில் கண்ணீர் கோடு கிழித்திருந்தது. கத்தியை மடக்கினேன்.
"மாமா... அவன் என் பக்கத்துலதான்—"
"பேசாத, கத்தி பட்டுடும்" என்றேன்.
மடக்கின கத்தி!

டிசம்பர் 23
ஏண்டா நிறுத்தினே? சொல்ல வந்தவனை ஏன் நிறுத்தினே? கேட்டாத்தான் நடந்ததா? "என்ன சொன்னான்?" என்றாள் இவள். "தூங்கிட்டான்" என்றேன். பாதித் தாடியோடயா தூங்குவான்? அவள் மேலே கேட்கவில்லை.

டிசம்பர் 30
அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "நானும் போய்க் கேட்டேங்க. வலிக்கலயாம். உடனே போய்ட்டானாம்."

ஜனவரி 1
சின்னவள் மட்டும் புதுசு உடுத்திக்கொண்டு வந்தாள். "நீங்க ரெண்டு பேரும் ஏன் போடல?"
"நீங்களே சொல்லுங்க" என்று இவள் உள்ளே போய்விட்டாள். மடியில் உட்காரவைத்துத் தொண்டையைச் செருமினேன்.
"ஜோக்காப்பா?" என்றாள், சொல்லுமுன்னே சிரித்துக்கொண்டு.