நூறு பவுண்டு காற்று

மே 6

லாரிக்கு ஆறு டயரும் ஒரு ஸ்டெப்னியும் வாங்கியாயிற்று. கடைக்காரர் எனக்கு நாற்காலி போட்டார், சோடா வரவழைத்தார், பிறகு என் தலைக்கு மேலாக டிரைவரிடம் பேச ஆரம்பித்தார்.

"வண்டி யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டேன்.

"உங்க பேர்லதாம்மா."

"அப்ப என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க."

ஆறுக்கும் ஒரே மாதிரி, நீளக் கோடு போட்ட டயரைத் தள்ளிவிடப் பார்த்தார். தார் ரோட்டில் அது வெண்ணெய் மாதிரி ஓடும். எங்கள் வண்டி ஏறுவது நாற்பத்திரண்டு கிலோமீட்டர் காட்டுப் பாதை. கல், சேறு, மறுபடியும் கல். பின்னால் நான்குக்கும் கட்டை கட்டையாக ஆழமாக வெட்டிய டயர், அதுதான் சேற்றைப் பிடிக்கும். முன்னால் இரண்டுக்கு மட்டும் கோடு, அதுதான் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்கும். இதைச் சொன்னது டிரைவர். சரி என்று முடிவு செய்தது நான்.

கொண்டுவந்த டயரின் பக்கத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து, விலாவில் இருந்த எழுத்தெல்லாம் படித்தேன். அந்தக் கடையில் யாரும் அதுவரை அப்படிச் செய்ததில்லை போலிருக்கிறது. கடைசி நான்கு எண்கள்தான் அதன் பிறந்த தேதி. வாரம், வருடம்.

"இதுக்கு நாலு வயசு ஆயிடுச்சே?"

"டயர் என்னம்மா, பாலா, திரிஞ்சு போறதுக்கு?"

"ரப்பர் காயும். வேற எடுங்க."

டிரைவர் சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்தார். இந்த வருடத்து டயர் வந்தது.

என் வீட்டுக்காரருக்குத் தலையும் டயரும் ஒன்றுதான். முழு மொட்டையாகும் வரை எதைப் பற்றியும் கவலைப்பட மாட்டார். போய்ப் பதினான்கு மாதமாகிறது. வைத்துவிட்டுப் போனது இந்த லாரியும், இருபது வருடம் அதை ஓட்டிய இந்த டிரைவரும்.

மே 7

மகன் போன் செய்தான். டயர் விலையைச் சொன்னதும் பெருமூச்சு விட்டான். அவனுக்கு நான் கொடுத்திருக்கும் வாக்கை நினைவுபடுத்தினான்: ஒரு விபத்து நடந்தாலோ, சிமெண்ட் கிடங்குக்காரர்கள் லோடு தருவதை நிறுத்தினாலோ, லாரியை விற்றுவிட்டு அவன் வீட்டோடு போய்விட வேண்டும். அங்கே எனக்கென்று ஒரு அறை இருக்கிறது. வாஷிங் மெஷினும் அங்கேதான் இருக்கிறது. "அது ஓடாத நேரத்துல ரொம்ப அமைதியா இருக்கும் அத்தை" என்கிறாள் மருமகள். நல்ல பெண். கொஞ்சம் உண்மை பேசுகிறவள்.

மே 10

காற்று அளக்க மீட்டர் வாங்கினேன். டிரைவர் இதுவரை அளந்த விதம்: ஒரு இரும்புத் தடியால் டயரைத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். வைத்தியர் நெஞ்சில் குழாய் வைப்பதுபோல. "இது சரியா இருக்கும்மா. இது கொஞ்சம் சோகமா இருக்கு."

சோகமாம்.

கடைக்காரர் கொடுத்த அட்டவணையிலிருந்து எங்கள் பாரத்துக்கான எண்களை ஏட்டில் எழுதிக்கொண்டேன். பின்னால் நூறு பவுண்டு. முன்னால் தொண்ணூறு. கோடு போட்டு, ஓரம் விட்டு, சிவப்பு மையில் தலைப்பு. கான்வென்டில் எட்டு வருடம் என் விரல் முட்டியில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். வீணாகவில்லை.

மே 12

வண்டி ஐந்தரைக்குத் திரும்பியது. டிரைவர் வீட்டுக்குப் போனதும் அளந்தேன். 115. 117. 114. 116. முன்னால்கூட நூறைத் தாண்டி.

நூறு என்றால் நூறு என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன். காலையில் பஞ்சர் கடையில் இஷ்டத்துக்கு அடைத்துக்கொண்டு போயிருக்கிறார். வால்வை அழுத்தி ஒவ்வொன்றிலும் அதிகக் காற்றை இறக்கி, பின்னால் நூறிலும் முன்னால் தொண்ணூறிலும் நிறுத்தினேன். முட்டி வலி. ஆனால் அந்த உஸ் சத்தத்தில் ஒரு திருப்தி இருக்கிறது. பாவமன்னிப்பு கேட்டுவிட்டு வருவதுபோல.

மே 13

கேட்டேன். "நூறுதாம்மா வெச்சேன்" என்றார், கண்ணைப் பார்த்து. மாலையில் 116. பொய் சொல்லும்போது கண்ணைப் பார்க்கத் தெரிந்தவர்.

இனி சொல்லப் போவதில்லை. செய்யப் போகிறேன்.

மே 16

பின்னால் ஜோடியாக நிற்கும் உள் டயருக்கும் வெளி டயருக்கும் நடுவில் முட்டைக்கோஸ் அளவில் ஒரு கல் மாட்டியிருந்தது. டிரைவர் கடப்பாரையால் நெம்பி எடுத்தார். டயர் பள்ளங்களில் சிக்கியிருந்த சின்னக் கற்களை ஸ்க்ரூடிரைவரால் நான் எடுத்தேன். நாற்பத்தேழு. "எண்ணாதீங்கம்மா, கல்லுக்குக் கண்ணு பட்டுரும்" என்றார்.

மாலை: 114, 115, 115, 117. இறக்கினேன்.

மே 19

டிரைவர் காலையில் முகம் வெளுத்து வந்து நின்றார்.

"அம்மா, யாரோ காத்தைத் திருடறாங்க."

"என்ன?"

"தினமும் காலைல பாத்தா எண்பத்தஞ்சு, எண்பத்தாறுதான் இருக்கு. ஆறு டயர்லயும் கம்மி. பஞ்சர் இல்ல, வால்வு நல்லா இருக்கு. எவனோ வந்து புடுங்கி விடறான். என் பொண்டாட்டி தினமும் அவனைச் சபிக்கிறா."

நடிப்பில் ஒரு பரிசு கொடுக்கலாம். நான் நூறில் நிறுத்திய டயரில் இரவில் காற்று தானாகவா குறையும்? எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "பாத்துக்கலாம் போங்க" என்றேன்.

மே 24

பஞ்சர் கடைக்குப் போனேன். நடத்துவது ஒரு பெண். நாற்பத்தைந்து இருக்கும், தோள் இரண்டும் கதவு அகலம். என்னைப் பார்த்ததும் "வாங்க அக்கா" என்றாள். எழுபத்திரண்டு வயதில் அக்கா ஆகியிருக்கிறேன். பிடிக்காமல் இல்லை.

"உங்க வண்டி தினமும் காத்து குடிக்குதுக்கா. கள்ளு குடிக்கிறவன் தோத்தான்."

இதோ, சாட்சி! தினமும் நிரப்புகிறார். "இனிமே நான் எழுதிக் கொடுத்த சீட்டு இல்லாம எங்க வண்டிக்குக் காத்து அடிக்கக் கூடாது" என்றேன்.

"ஏன்க்கா? என்ன விஷயம்?"

"விஷயம் என்னோடது."

"உங்க வண்டி, உங்க காத்து" என்று சொல்லி, ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கப் போய்விட்டாள்.

மே 27

"தட்டினா சத்தம் சரியில்லம்மா. பின்னாடி உள் டயர் ரெண்டும் தொப்புத் தொப்புன்னு கேக்குது. ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

"சத்தத்துக்கெல்லாம் சீட்டு கிடையாது" என்றேன். மீட்டர் முந்தின மாலை 109 என்றது. அதையும் இறக்கியாயிற்று.

வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஜூன் 2

முப்பத்தோராவது கிலோமீட்டர் வளைவு. உள் டயர் வெடித்து, மொத்தப் பாரமும் ஏறிய வெளி டயரும் உடனே வெடித்து, வண்டி மலைப் பக்கமாகச் சாய்ந்து நின்றிருக்கிறது. பள்ளத்துப் பக்கம் போகாமல் திருப்பியது டிரைவர். தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. அறுபது மூட்டை சிமெண்ட் மலைப் பக்கத்து ஓடையில். அந்த ஓடைக்கு இனிப் பாலம் தேவைப்படாது.

கோடு போடாமல், ஓரம் விடாமல் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கிறது. இருக்கட்டும்.

அவர் செத்துப் போயிருந்தால்?

ஜூன் 4

கிடங்கு மேனேஜர் வந்தார். தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார். 'ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம். அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டேன்.' நான் கையெழுத்துப் போட்டால் லோடு தொடரும். போடாவிட்டால் நின்றுவிடும்.

மகன் போனில்: "போட்டுடுங்கம்மா. அவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு நாம பாத்துக்கலாம். நீங்க குடுத்த வாக்குல விபத்தைக்கூட நான் கணக்குல எடுத்துக்கல, லோடு தொடர்ந்தா சரி. வேற டிரைவர் கிடைக்காமலா போயிடுவார்?"

நியாயம்தானே? அதிகக் காற்று அடைத்தது யார்? சொன்ன பேச்சைக் கேட்காதது யார்? ஆனாலும் அத்தாட்சி இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன். வண்டியை இழுத்துவந்து வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். கிழிந்த டயரைப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய், அதிகக் காற்றால் வெடித்தது என்று எழுதி வாங்கப் போகிறேன்.

ஜூன் 5

பஞ்சர் கடைக்காரி கிழிந்த டயருக்குள் தோள் வரை கையை விட்டுத் துழாவினாள். ஒரு பிடி கறுப்புப் பொடியை எடுத்து என் உள்ளங்கையில் கொட்டினாள். காப்பித்தூள் மாதிரி.

"இது என்ன?"

"உங்க டயர்தான்க்கா. உள்பக்கமே வெந்து உதிர்ந்திருக்கு. காத்து ஜாஸ்தியாகி வெடிச்சா இப்படி வராது. காத்து கம்மியா, பாரத்தோட, மடங்கி மடங்கி ஓடியிருக்கு."

"மீட்டர்ல நூத்தி ஒன்பது காட்டுச்சே!"

"எப்ப அளந்தீங்க?"

"வண்டி வந்ததும்."

கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"அக்கா, ஓடி வந்த டயர் சூடா இருக்கும். சூட்டுல காத்து உப்பும். எங்க நாய்க்குக்கூடத் தெரியும். அதை இறக்கினா, விடியறதுக்குள்ள டயர் ஆறி, இருக்க வேண்டிய காத்து இருக்காது. எந்தப் புண்ணியவான் இறக்கினது?"

கிழிந்த டயரை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். கையில் அந்தப் பொடியோடு.

ஜூன் 6, காலை ஐந்தரை

மிச்சமிருக்கும் நாலு டயரை வெயில் வருவதற்கு முன்னால் அளந்தேன். பின்னால் 84, 85. முன்னால் 77, 76. ஜூன் 1 மாலை நான்தான் நூறிலும் தொண்ணூறிலும் நிறுத்தினேன். அதற்குப் பிறகு யாரும் வால்வைத் தொடவில்லை. ஏடு சொல்கிறது, என் கையெழுத்தில்.

கடைக்காரரின் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். உச்சியிலேயே அச்சடித்திருக்கிறது, டயர் ஆறியிருக்கும்போது அளக்கவும் என்று. எண்களை மட்டும் நகலெடுத்திருக்கிறேன்.

நான்தான்.

ஜூன் 6, பகல்

கையெழுத்துப் போட்டால் என்ன? யாருக்குத் தெரியும்? பஞ்சர் கடைக்காரிக்குத் தெரியும், ஆனால் அவள் கிடங்குக்குப் போய்ச் சொல்லப் போவதில்லை. போட்டால் வண்டி இருக்கும், வீடு இருக்கும், வாஷிங் மெஷின் இல்லாத அறை இருக்கும். ஐம்பத்தைந்து வயதில் தோள் முறிந்த டிரைவருக்கு, கவனக்குறைவு என்று எழுதிய தாளுக்குப் பிறகு, யார் வண்டி தருவார்கள்?

ச்சீ. இதை யோசிக்கிறதே கேவலம். ஆனா யோசிச்சேன். மத்தியானம் முழுக்க யோசிச்சேன்.

ஜூன் 7

மேனேஜரின் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். கூடவே என் கையால் எழுதிய ஒரு தாள். தேதி வாரியாக, நான் இறக்கிய காற்று, மறுத்த சீட்டு, எல்லாம். மூன்று பக்கம். எழுத்துப் பிழை இல்லை.

படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "டிரைவரா இருந்தா வேலைய விட்டு எடுக்கச் சொல்லலாம். ஓனரை எப்படிம்மா எடுக்கறது?"

"லோடை எடுத்துடுங்க" என்றேன்.

எடுத்துவிட்டார்.

ஜூன் 8

டிரைவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார், தோளிலிருந்து இடுப்பு வரை கட்டு. அவர் மனைவி ஸ்டூல் போட்டார். உட்காராமல் சொல்லி முடித்தேன். உட்கார்ந்தால் சுற்றி வளைத்துப் பேசுவேன்.

முதலில் வாயைத் திறந்தது அந்த அம்மாதான். "ஐயோ, அந்தக் கை விளங்காமப் போகணும்னு தினமும் சபிச்சேனே! அது உங்க கைங்களா?"

"இந்தக் கைதான்" என்று காட்டினேன்.

டிரைவர் சிரிக்க ஆரம்பித்து, வலியில் முகம் சுளித்து, "சிரிக்க வைக்காதீங்கடி" என்றார். அந்த 'டி' எனக்கும் சேர்த்தா என்று தெரியவில்லை. கேட்கும் நிலையில் நான் இல்லை.

பிறகு சிரிப்பு நின்றது.

"ரெண்டு தடவ சொன்னேம்மா. நூறுதான் வெச்சேன்னு. சத்தம் சரியில்லன்னு."

"ஆமா."

"பொய் சொல்றேன்னு நெனச்சீங்க."

"ஆமா. தப்பு என்னோடது. மன்னிச்சுடுங்க."

யாரிடமும் இந்த வார்த்தையைத் தமிழில் சொன்னதில்லை. ஆங்கிலத்தில் என்றால் தும்மினால்கூடச் சொல்வோம். தமிழில் பல்லில் மாட்டுகிறது.

அவர் ஜன்னலைப் பார்த்தார். "வண்டி எடுக்க வருவீங்களா?" என்று கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். காப்பி கொடுத்தார்கள். சர்க்கரை அதிகம். சொல்லவில்லை.

ஜூன் 9

மகன்: "வாக்கு குடுத்திருக்கீங்கம்மா."

"ஆமாம். மீறப் போறேன்."

எழுபத்திரண்டு வயதில் அடம் பிடிப்பதற்கு ஒரு சுகம் இருக்கிறது. கன்னியாஸ்திரீகள் பார்த்திருந்தால் முழங்காலில் நிற்க வைத்திருப்பார்கள். இப்போது நின்றால் எழ முடியாது.

ஆனால் லோடும் இல்லை, டிரைவரும் இல்லை. எத்தனை நாள் வாசலில் நிற்கும் லாரியோடு அடம் பிடிப்பது?

ஜூன் 30

செய்தி இல்லை. வண்டி மேல் காக்கை.

ஜூலை 21

டிரைவர் வந்தார். கட்டு அவிழ்த்தாயிற்று. உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்று பேசினார். மேல் ஊர் உருளைக்கிழங்குக்காரர்கள் சொந்தமாக லோடு தருகிறார்களாம். வாரம் இரண்டு நடை. கிடங்கு தந்ததில் பாதிகூட இல்லை.

"நான் வரேம்மா. ஆனா ஒண்ணு. வண்டி இனிமே எங்க வீட்டு வாசல்லதான் நிக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. வண்டி யாருடையது? என் வாசலில் நிற்க என்ன குறை?

என்ன குறை என்று அவர் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

"மீட்டரும் வேணுமா?" என்றேன்.

"குடுத்தா நல்லதுதான்."

புதுப் பின் டயர் இரண்டு வாங்க வேண்டும். ஜோடி மாறாமல், ஒரே உயரத்தில். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "அது நீங்கதாம்மா பாக்கணும், அந்த டயர்க்கடைக்காரன் உங்களுக்குத்தான் பயப்படுவான்" என்றார்.

ஆகஸ்ட் 4

வாசல் காலி. தரையில் எண்ணெய்க் கறை மட்டும். மாலையில் என்ன செய்வதென்று தெரியாமல் ரோஜாத் தொட்டிகளை இடம் மாற்றி வைத்திருக்கிறேன்.

இன்று முதல் நடை. காலை ஐந்தே முக்காலுக்குப் போன் வந்தது. பின்னால் எங்கேயோ சேவல் கத்திக்கொண்டிருந்தது.

"அம்மா, பின்னாடி நாலும் நூறு. முன்னாடி தொண்ணூறு. கெளம்பறேன்."

"சரி" என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. நாக்கு நுனிவரை இரண்டு கேள்வி வந்தது.

ஏட்டைப் பிரித்து எழுதினேன். நூறு, நூறு, நூறு, நூறு. தொண்ணூறு, தொண்ணூறு. நான் அளக்காத எண்கள். பென்சிலைத்தான் முதலில் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டு, பேனாவால் எழுதினேன்.