இருநூற்றுப் பதினான்காம் எண் அட்டை

ரொசாரியோ,
ஆகஸ்ட் 24, சனிக்கிழமை

அன்பு மகள் யமிலாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கும் சாப்பாட்டுக்கும் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் வலென்சியாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்கிற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், படியைக் கட்டியவன் நான் என்பதால். இந்த மாதக் கடைசியில் சாந்தா ரோசா புயல் வரும் என்று நேற்று கூரைத் தகரத்தை ஆணி அடித்து இறுக்கினேன், கீழே இருந்து அவள் "இறங்குங்க, விழுந்தா நான் தூக்க மாட்டேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். எலுமிச்சை இந்த வருடம் நிறையக் காய்த்திருக்கிறது. எதிர்வீட்டு லில்லியானாவின் மகள் அடுத்த வாரம் உன் ஊர்ப்பக்கம் வருகிறாள், அவள் கையில்தான் இந்தக் கடிதத்தையும் அம்மா பின்னிய கம்பளிக் காலுறையையும் கொடுத்து அனுப்புகிறோம், காலுறையைப் போடாமல் பெட்டியில் வைத்துவிடாதே. போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் சிரித்துவிடுவாய், நானும் சேர்ந்து சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவேன், இரண்டு முறை அப்படித்தான் ஆயிற்று. ஒஸ்மார் மாமா ஏன் போனில் பேச வருவதில்லை என்று நீ கேட்டாய், நான் அவனுக்குச் சளி என்றேன். அவனுக்குச் சளியும் இல்லை ஒன்றும் இல்லை, குதிரை மாதிரி இருக்கிறான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உன் தொழிலைக் குறை சொல்ல நான் உட்காரவில்லை. நீ முதன்முதலில் கேமரா முன்னால் உட்கார்ந்து பழைய கால்பந்து அட்டைகளைக் காட்டிப் பேச ஆரம்பித்தபோது இதை யார் பார்ப்பார்கள் என்று நினைத்தேன், இன்றைக்கு மூன்று லட்சம் பேர் பார்க்கிறார்கள். உன்னால்தான் ஜனங்கள் பரணில் கிடந்த பிஸ்கட் டின்களைத் திறந்து பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் அவ்வளவும் குப்பைக்குப் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்காவில் அட்டை மாற்ற முன்பு நாங்கள் பத்துப் பதினைந்து கிழங்கள் மட்டும் உட்கார்ந்திருப்போம், இப்போது நடக்க வழியில்லை, பெண்கள் வருகிறார்கள், கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள், எண்ணெயில் தோர்த்தா ஃபிரீத்தா மாவுப் பலகாரம் பொரித்து விற்கிற சுலேமா, "உன் பொண்ணு புண்ணியத்துல எனக்கு எண்ணெய்ச் சட்டியை இறக்கவே நேரமில்ல, அவளுக்கு என் முத்தத்தைச் சொல்லு" என்றாள், சொல்லிவிட்டேன். ஆனால் வருகிறவர்கள் வேறு மாதிரி வருகிறார்கள் யமிலா. பக்கத்தில் உட்கார்ந்ததும் பெயர் சொல்வதில்லை, போனை எடுத்து அட்டைமேல் காட்டி அது என்ன விலை சொல்கிறது என்று பார்க்கிறார்கள், பிறகுதான் என் முகத்தைப் பார்க்கிறார்கள். புது அட்டைப் பொட்டலங்களை நின்ற இடத்திலேயே கிழித்து, பளபளப்பது ஒன்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதை அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போகிறார்கள். போன மாதம் ஒருத்தி கையுறை போட்டுக்கொண்டு வந்தாள், அறுவைச் சிகிச்சைக்கு வந்திருக்கிறாளோ என்று ஒஸ்மார் என் காதில் சொன்னான், ரொம்ப நேரம் சிரித்தோம். அவனோடு நான் கடைசியாகச் சிரித்தது அதுதான், அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்த வியாழக்கிழமை நீ போன் செய்தது நினைவிருக்கும். பழைய அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவரைப் பேட்டி எடுத்ததாகவும், எழுபத்தாறாம் வருடத்து வட்ட அட்டை வரிசையில் இருநூற்றுப் பதினான்காம் எண், கோல்கீப்பர் எலிசால்டே, சட்டையின் நிறத்தைத் தப்பாக அச்சடித்துவிட்டதால் சில தாள்களோடு நிறுத்திவிட்டார்கள் என்றும் சொன்னாய். உலகத்திலேயே எத்தனை மிச்சம் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, அடுத்த வாரம் வீடியோவில் சொன்னதும் பார், எல்லோரும் பைத்தியம் பிடித்து அலையப் போகிறார்கள் என்றாய். என் ஆல்பத்தில் அந்த ஒரு வட்டம்தான் காலியாக இருந்தது உனக்குத் தெரியும். நாற்பத்தெட்டு வருடம் அது ஏன் கிடைக்கவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது. அன்று இரவு அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒஸ்மார் ஒரு காலணிப் பெட்டி நிறைய அட்டைகளோடு வந்தான். அவன் தெருவில் ஒரு வீட்டைக் காலி செய்தவர்கள் கொடுத்தார்களாம். அவன் சேர்ப்பது எழுபத்தெட்டாம் வருடத்து வரிசை, எழுபத்தாறு அவனுக்கு வேண்டாதது, எனக்காகத்தான் எடுத்து வந்திருந்தான். எங்கள் பழக்கம் உனக்குத் தெரியும், நீயும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்தவள், ஒருவர் தன் அட்டைக் கட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டுவார், எதிரே இருப்பவர் இருக்கு, இருக்கு, இல்லை என்று சொல்லிக்கொண்டே போவார், இல்லை என்றதைத் தனியே எடுத்து வைத்து ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்வோம், விலை என்கிற பேச்சே கிடையாது, மாற்றியதைத் திருப்பிக் கேட்பதும் கிடையாது. இன்னொன்றும் உண்டு. எதிராளி கையில் இருப்பது அரிதானது என்று உனக்குத் தெரிந்தால், மாற்றுவதற்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் அதைச் செய்யாதவன் பக்கத்தில் மறு ஞாயிறு யாரும் உட்கார மாட்டார்கள். தொண்ணூற்றெட்டில் நான் ஒரு நல்ல அட்டையைத் தெரியாமல் நீட்டியபோது ஒஸ்மார் என் கையைப் பிடித்து, "டேய் முட்டாள், இது கஷ்டமான அட்டைடா, எனக்கே குடுக்கிறியா, உள்ள வை" என்றான்.

அவன் புரட்டினான், நான் இருக்கு, இருக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தேன், எலிசால்டே வந்தான். மஞ்சள் சட்டையோடு, ஓரம்கூட மடங்காமல். என் வாய் இல்லை என்றது. அது உண்மைதான், என்னிடம் இல்லை. அதற்கு மேல் சொல்ல வேண்டியதைத்தான் சொல்லவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டதில் அவனுக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்து இரண்டு தடவை இருமினேன். அவன் என்னிடமிருந்து ஒரு சாதாரண நடுக்கள ஆட்டக்காரனை எடுத்துக்கொண்டான். "இத்தனை வருஷம் கழிச்சு உன் ஆல்பம் நிறைஞ்சுதுடா எவரிஸ்தோ, இன்னைக்கு மாத்தே என் செலவு" என்று சொல்லி அந்தக் கசப்புத் தேநீரில் எனக்கு முதல் குவளையை ஊற்றிக் கொடுத்தான், நானும் குடித்தேன். அன்று சாயங்காலம் உனக்குப் போன் செய்து பீற்றிக்கொண்டேன். எனக்கு அப்போது தலைகால் புரியவில்லை மகளே, அதுதான் உண்மை.

செவ்வாய்க்கிழமை உன் வீடியோ வந்தது. அச்சகத்துக்காரர் கதையைச் சொல்லிவிட்டு, நீ கையைத் தட்டிச் சிரித்துக்கொண்டே, "வியாழக்கிழமை அப்பாகிட்ட சொன்னேன், ஞாயித்துக்கிழமை பூங்காவுல யாருகிட்டயோ வாங்கிட்டாரு, எங்கப்பா பெரிய குள்ளநரி" என்றாய். நீ பெருமையாகத்தான் சொன்னாய். அதற்குக் கீழே எத்தனை ஆயிரம் இதயங்கள் என்று எதிர்வீட்டு லில்லியானா வந்து எண்ணிக் காட்டினாள். அம்மா மட்டும் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு, "யாருகிட்டயோன்னா யாருகிட்ட?" என்று கேட்டாள். நான் ஒஸ்மார் என்றேன். அவள் மறுபடி பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள். ஒஸ்மாருக்கு வீடியோ எல்லாம் எங்கே தெரியப் போகிறது, பழைய பட்டன் போன்காரன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அவன் மனைவியின் போனில் உன் வீடியோ ஒன்றைக்கூட அவன் விட்டதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நீ அவன் தோளில் ஏறி மைதானத்துக்குப் போன பிள்ளை, பார்க்காமல் இருப்பானா?

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பெஞ்சில் அவன் இடத்தில் ஒரு கல்லூரிப் பையன் உட்கார்ந்து போனை என் முகத்துக்கு நேரே பிடித்து, "நீங்கதானே வியாழக்கிழமை அப்பா? ஒரு வார்த்தை பேசுங்க" என்றான். இப்போது பூங்காவில் எனக்கு அதுதான் பெயர். சிரித்தபடி வந்து முதுகில் தட்டி, அந்த ஏமாளி யார் என்று கேட்கிறார்கள். முப்பத்தைந்து வருடம் பேருந்து ஓட்டினேன், ஒரு நாள்கூட யாரையும் ஏமாளி ஆக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவன். சுலேமா எல்லோருக்கும் பலகாரம் கொடுத்துவிட்டு என் முறை வந்ததும், "உனக்கென்ன, நீ வியாழக்கிழமையே சாப்பிட்டுட்டியே" என்றாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. நான் பலகாரம் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்தப் புதன்கிழமை அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தான், உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் வியாழக்கிழமை விஷயத்தை ஒன்று விடாமல் சொல்லி, என் தப்புதான், இந்தா என்று நீட்டினேன். "மாத்துனது மாத்துனதுதான். நான் என்ன பிச்சைக்காரனா, நீ வாசல்ல வந்து போட்டுட்டுப் போக?" என்றான். கோபத்தில்கூட அவன் வழக்கத்தை விடவில்லை. பிறகு, சரி, மாற்றிக்கொள்ளலாம், உன் கட்டை எடுத்து வா என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய் அந்தக் காலணிப் பெட்டியை எடுத்து வந்தான், வாசற்படியிலேயே உட்கார்ந்தோம், அவன் புரட்ட ஆரம்பித்தான்.

என் ஆல்பம்தான் நிறைந்துவிட்டதே, எல்லாமே என்னிடம் இருப்பவைதான். இருக்கு, இருக்கு, இருக்கு என்று சொல்லிக்கொண்டே வருகிறேன், கட்டு தேய்ந்துகொண்டே வருகிறது, அவன் விரலும் மெதுவாகிறது. இந்த நாற்பது வருடத்தில் அட்டை விஷயத்தில் நான் சொன்ன சொல்லில் பொய் இருந்ததில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமைகூடச் சொல்லாமல் விட்டேனே தவிரப் பொய் சொல்லவில்லை. கடைசிக்குச் சற்று முன்னால் முப்பத்தொன்றாம் எண் வந்தது, தடித்த கழுத்துக்காரத் தடுப்பாட்டக்காரன், அந்தக் காலத்தில் எந்தப் பொட்டலத்தைப் பிரித்தாலும் அவன்தான் முகத்தைக் காட்டுவான், அவனை வைத்து மேசைக் காலுக்கு முட்டுக் கொடுப்போம். நான் இல்லை என்றேன்.

ஒஸ்மாரின் கை நின்றுவிட்டது. என் ஆல்பம் எனக்குத் தெரிவதைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். "முப்பத்தொண்ணு உன்கிட்ட இல்லை?" என்றான். இல்லை என்றேன். "நல்லாப் பாத்துச் சொல்லு." நல்லாப் பார்த்துத்தான் சொல்கிறேன், இல்லை என்றேன். அவன் முப்பத்தொன்றை எடுத்து என் முழங்கால்மேல் வைத்தான், நான் எலிசால்டேயை அவன் கையில் கொடுத்தேன். ஒன்றுக்கு ஒன்று. எனக்குக் கண் கலங்கியது, அவன் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்தான். பிறகு உள்ளே திரும்பி மனைவியிடம் மாத்தேக்குத் தண்ணீர் வைக்கச் சொன்னான். நான் எழுந்து வரும்போது ஒன்று சொன்னான், அதை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். "உன் பொண்ணு நல்லாப் பேசுறாடா. உன்னை மாதிரி இல்ல, தெரிஞ்சதை உடனே சொல்லிடறா" என்றான். எனக்கு வலித்தது, சந்தோஷமாகவும் இருந்தது. நாளைக்கு ஞாயிறு, பூங்காவுக்கு வருவானா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அந்த அட்டையை அனுப்பச் சொல்லி மூன்று தடவை செய்தி போட்டுவிட்டாய், உன் வீடியோவில் காட்ட வேண்டும் என்று. அது என்னிடம் இல்லை. ஒஸ்மார் அதை வைத்துக்கொள்வானா, யாருக்காவது கொடுப்பானா, எனக்குத் தெரியாது, அது அவன் பாடு, நீ அவனைக் கேட்காதே. யார் எழுதிக் கேட்டாலும் அவன் பெயரைச் சொல்லாதே, அவன் வீட்டு வாசலில் போனோடு போய் நின்றுவிடுவார்கள். நான் யோசித்துப் பார்க்கிறேன், நீ ஒரு வார்த்தை சொன்னால் இங்கே ஒரு பூங்காவே எழுந்து உட்காருகிறது, அது பெரிய காரியம்தான், எனக்கு அதில் பெருமை இல்லாமல் இல்லை. அரிதானதை மட்டும் சொல்லாதே, மற்ற அட்டைகளையும் சில நாள் கையில் எடுத்துக் காட்டு, முப்பத்தொன்றாம் எண்காரனையும் காட்டு, தொட்டியில் போடுகிறவர்கள் ஒருவர் இருவராவது திருப்பிப் பார்ப்பார்கள். அம்மா சொல்கிறாள், ராத்திரி கண் விழித்து வீடியோ வெட்டாதே, கண்ணுக்குக் கீழே கறுத்துத் தெரிகிறதாம், பருப்பு வேகவைத்துச் சாப்பிடு என்கிறாள்.

தேவமாதா உன்னை அவள் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் கைக்கு வருகிற வேலை எல்லாம் நல்லபடியாக முடியட்டும், அம்மாவின் முத்தங்களும் என் ஆசீர்வாதமும் உனக்கு. இதைப் படித்ததும் அந்த வியாழக்கிழமைப் பேச்சை வீடியோவிலிருந்து வெட்டிவிட உன் கை போகும், எனக்கு உன்னைத் தெரியும். வெட்டாதே, நீ சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஒரே ஒரு உதவி செய். இனிமேல் ஊருக்கெல்லாம் சொல்லப் போகிற சேதியை எனக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்லாதே, எல்லோரோடும் சேர்ந்து நானும் கேட்டுக்கொள்கிறேன். மூன்று நாள்கூட என்னால் யோக்கியனாக இருக்க முடியவில்லை.

உன் அப்பா,
எவரிஸ்தோ